இங்கிலீஷ் பேச்சில் அணிகளைக் கண்டுபிடிக்கக் காதிலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஆங்கிலப் பேச்சைக் கேட்கிறீர்கள். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிகிறது, இலக்கணமும் புரிகிறது, ஆனாலும் கூட்டம் ஏன் எழுந்து நின்று கைதட்டுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. இல்லையென்றால் நேர்மாறாக, நீங்களும் சேர்ந்து கைதட்டிவிட்டு அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவர் உருப்படியாக என்ன சொன்னார் என்று ஒன்றுமே நினைவில் நிற்கவில்லை. இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒன்றுதான். இங்கிலீஷில் அதை ரெட்டரிக்கல் டிவைஸ் என்பார்கள், நம் தமிழ் வகுப்பில் அதற்குப் பெயர் அணி.

இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு நீளமான பட்டியலைத் தேடிப் பிடித்து, அனாஃபரா, எபிஸ்ட்ரஃபி, கயாஸ்மஸ் என்று கிரேக்கப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அங்கிருந்து தொடங்காதீர்கள். பெயரெல்லாம் தெரிந்தும் கண் முன்னால் இருக்கிற வாக்கியத்தில் ஒன்றையும் அடையாளம் காண முடியாமல் தவிக்கிறவர்கள் நிறையப் பேர். வாக்கியத்தின் வடிவம் காதுக்குப் பழகிவிட்டால் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தவிர, தமிழ் படித்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம். மோனை, ஆகுபெயர், இடக்கரடக்கல், வஞ்சப்புகழ்ச்சி என்று பரீட்சைக்குப் படித்ததெல்லாம் வேறு பெயரில் அங்கேயும் இருக்கின்றன.

முதலில் சத்தமாகப் படியுங்கள்

நம்மில் பலர் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து மனதுக்குள் தமிழில் மாற்றிக்கொள்கிறோம். அப்படி மாற்றும்போது அர்த்தம் வந்து சேர்ந்துவிடும், ஓசை வழியிலேயே உதிர்ந்துவிடும். அணிகளில் பாதி ஓசையில்தான் இருக்கிறது. அதனால் எந்தப் பத்தியை எடுத்தாலும் ஒருமுறையாவது வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தாளம் போடுகிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பெயர் வைப்பது அப்புறம்.

மோனையை, அதாவது அலிட்டரேஷனை, இப்படித்தான் பிடிக்க முடியும், ஏனென்றால் இங்கிலீஷில் எழுத்து ஒன்றாகவும் ஓசை வேறாகவும் இருக்கும். பூனையைக் குறிக்கும் 'கேட்', நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் மோனை இல்லை. 'நைட்', 'நோ' என்ற சொற்களை எந்த எழுத்தில் தொடங்கி எழுதினாலும் காதுக்கு இரண்டும் 'ந'தான், அங்கே மோனை உண்டு. 1961 ஜனவரி 20 அன்று ஜான் கென்னடி அதிபராகப் பதவியேற்றுப் பேசியதில் ஒரு வரி: 'பே எனி ப்ரைஸ், பேர் எனி பர்டன்'. எந்த விலையும் கொடுப்போம், எந்தச் சுமையும் தாங்குவோம் என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் நாலும் 'ப'வாகத் தெரிகிறது. சொல்லிப் பாருங்கள், முதல் ஜோடி 'பல்' என்கிற 'ப', இரண்டாவது ஜோடி 'பயம்' என்கிற 'ப'. ஒரு ஜோடி முடிந்து அடுத்த ஜோடி தொடங்குவது காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த வாக்கியம் இதற்குப் பிறகும் நீள்கிறது, கஷ்டங்களைச் சந்திப்போம், நண்பரை ஆதரிப்போம், எதிரியை எதிர்ப்போம் என்று அடுக்குகிறது, ஆனால் அந்த அடுக்கில் எங்குமே 'அண்ட்' இல்லை. அதனால் மூச்சு விடாமல் ஓடுவது போன்ற வேகம் வருகிறது. இணைப்புச் சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடும் இந்த உத்தி அசிண்டட்டன். நேர்மாறாக ஒவ்வொன்றுக்கும் நடுவில் 'அண்ட்' போட்டு இழுத்துக்கொண்டே போனால் பாலிசிண்டட்டன், அதில் வேகம் குறைந்து பாரம் கூடும்.

திரும்ப வருவதைக் குறியுங்கள், மாறுகிற இடத்தில் நில்லுங்கள்

இரண்டாவது படி இதுதான், என்னைக் கேட்டால் ஒரே ஒரு படி மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதையே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பென்சிலால் ஒரே சொல் திரும்ப வரும் இடங்களையெல்லாம் வட்டம் போடுங்கள். வட்டங்கள் வாக்கியங்களின் தொடக்கத்தில் வரிசையாக நின்றால் அனாஃபரா. முடிவில் நின்றால் எபிஸ்ட்ரஃபி. தமிழில் சொற்பொருள் பின்வருநிலையணி என்று படித்ததன் நெருங்கிய சொந்தம்.

1940 ஜூன் 4, பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சில். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் அதிகமான வீரர்களைக் கப்பலேற்றிக் காப்பாற்றி முடித்த நேரம், அடுத்து பிரிட்டன் மீதே படையெடுப்பு வருமோ என்ற பயம். அவர் 'வீ ஷல் ஃபைட்' என்று தொடங்குகிறார், கடற்கரைகளில் போராடுவோம், விமானங்கள் இறங்கும் களங்களில் போராடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போராடுவோம், மலைகளில் போராடுவோம். வட்டம் போட்டுக்கொண்டே போனால் 'வீ ஷல் ஃபைட்' ஒரு வரிசையாக நிற்கும். சட்டென்று கடைசியில் 'வீ ஷல் நெவர் சரண்டர்', நாங்கள் ஒருபோதும் சரணடைய மாட்டோம். முன்பாதி 'வீ ஷல்' அப்படியே இருக்கிறது, 'ஃபைட்' மட்டும் போய்விட்டது. பல பேர் திரும்ப வருவதைக் குறித்துவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்வது காதைப் பழக்குவதற்காகத்தான், பேசுகிறவர் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்தப் பழக்கம் உடைகிற இடத்தில் இருக்கும். இடத்தையும் பாருங்கள். முதலில் கடற்கரை, பிறகு வயல், தெரு, கடைசியில் மலை. எதிரி உள்ளே வந்துகொண்டே இருக்கிறான், நாம் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறோம். தோற்றுக்கொண்டே போனாலும் விடமாட்டோம் என்கிற செய்தியை அந்த இடங்களின் வரிசையே சொல்லிவிடுகிறது.

ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் பேசியது இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். அதன் முடிவில் வருவது, 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்'. இங்கே 'பீப்பிள்' கடைசியில் நிற்கிறது, அதனால் எபிஸ்ட்ரஃபி. மாறுவது அதற்கு முன்னால் உள்ள துணுக்குச் சொல். மக்களுடைய, மக்களால், மக்களுக்காக. தமிழில் வேற்றுமை உருபு மாறுவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஜனநாயகத்துக்கு ஒரு விளக்கவுரை எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் ஆகும், அவர் மூன்று முன்னிடைச் சொல்லில் முடித்துவிட்டார்.

சரி, எது திரும்ப வந்தாலும் அணியா? இல்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'ப்ளீஸ்' பத்து முறை வரும், அது அணி இல்லை. அந்தச் சொல்லை ஒரு தடவை மட்டும் வைத்து வாக்கியங்களைச் சுருக்கிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உயிர் போய்விட்டது போலத் தெரிந்தால் அது அணி.

மூன்று என்று எண்ணுங்கள்

இங்கிலீஷ் காதுக்கு மூன்று என்றால் கொள்ளை ஆசை. ஒரே மாதிரி அமைந்த மூன்று துண்டுகளுக்கு ட்ரைகோலன் என்று பெயர். 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் வரும் உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்கிற மூன்றும் அப்படித்தான், கடைசித் துண்டு மட்டும் நீளம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆன்டனி 'ஃப்ரெண்ட்ஸ், ரோமன்ஸ், கன்ட்ரிமென்' என்று பேச்சைத் தொடங்குவதைச் சொல்லிப் பாருங்கள், முதல் சொல்லில் ஒரு அசை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. படிக்கட்டு ஏறுவது போல.

மூன்றின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு மறுபடியும் சர்ச்சில்தான் சாட்சி. 1940 மே 13 அன்று பிரதமராக முதன்முறை நாடாளுமன்றத்தில் பேசியபோது அவர் தருவதாகச் சொன்னது நான்கு விஷயம், இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை. மக்கள் நினைவில் தங்கியதோ 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' என்ற மூன்று. உழைப்பு உதிர்ந்துவிட்டது, வரிசையும் மாறிவிட்டது.

படிக்கும்போது மூன்று வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றுமே உண்மையில் தனித்தனி விஷயமா, அல்லது தாளத்துக்காக ஒன்றையே பிரித்து வைத்திருக்கிறார்களா?

எதிரும் புதிரும், அப்புறம் குறுக்கே மாற்றிப் போடுவது

'நாட்', 'பட்' என்ற இரண்டு சொற்களையும் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். பக்கத்திலேயே ஒரு எதிர்ச்சொல் ஜோடி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதற்கு ஆன்டித்தெசிஸ் என்று பெயர், நம்முடைய முரண் தொடைக்குப் பக்கத்து வீடு. இந்தச் சொற்கள் இல்லாமலும் இது வரும். நீல் ஆம்ஸ்ட்ராங் 1969 ஜூலையில் நிலாவில் கால் வைத்தபோது சொன்ன வரி அப்படிப்பட்டது, சின்ன அடி என்பதற்கு எதிரே பெரிய தாவல், ஒரு மனிதன் என்பதற்கு எதிரே மனிதகுலம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலிப்பதிவில் 'ஃபார் மேன்' என்றுதான் பலருக்குக் கேட்கிறது, 'ஃபார் எ மேன்' என்று சொல்வதே தன் எண்ணம் என்று ஆம்ஸ்ட்ராங் பின்னால் சொன்னார். 'எ' போய்விட்டால் 'மேன்' என்பதும் மனிதகுலம்தான், 'மேன்கைண்ட்' என்பதும் மனிதகுலம்தான், முரணே காணாமல் போய்விடும். ஒரே ஒரு எழுத்துக்கு ஒரு அணியைத் தாங்கும் வேலை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே எதிர்நிலையைக் குறுக்கே திருப்பிப் போட்டால் கயாஸ்மஸ், சொற்களே மாறாமல் திரும்பினால் அதன் தனிப்பெயர் ஆன்டிமெட்டபலி. மேலே சொன்ன அதே கென்னடி உரையில் வருவதுதான் உலகம் அறிந்த உதாரணம். உன் நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ உன் நாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேள். 'கன்ட்ரி, யூ' என்று போய் 'யூ, கன்ட்ரி' என்று திரும்புகிறது. ஒரு தாளில் மேல் வரியில் முதல் ஜோடியையும் கீழ் வரியில் இரண்டாவது ஜோடியையும் எழுதி, ஒரே சொற்களைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள், பெருக்கல் குறி போல வரும். கிரேக்க எழுத்து 'கை' அந்த வடிவம்தான், பெயர் வந்ததும் அதிலிருந்தே. இந்த உத்தியிடம் கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும், ஏனென்றால் திருப்பிப் போட்டாலே எதுவும் ஆழமாகச் சொன்னது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

எழுத்துப்படி எடுத்தால் பொருந்துகிறதா?

இனி ஓசையை விட்டு அர்த்தத்துக்கு வருவோம். வாக்கியத்தை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொள்ளுங்கள், அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். 'த வொயிட் ஹவுஸ் டினைட் இட்' என்று செய்தி வருகிறது. கட்டடம் எப்படி மறுக்கும்? அங்கிருந்து ஆட்சி செய்கிறவர்கள் மறுத்தார்கள். 'ஊர் சிரிக்கிறது' என்று நாம் சொல்கிற அதே ஆகுபெயர்தான், அங்கே மெட்டானமி. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்றால் கைகளை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லவில்லை, ஆட்கள் எல்லோரும் வரவேண்டும், உறுப்பைச் சொல்லி முழு ஆளைக் குறிக்கும் இது சினெக்டகி. இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது, ஆகுபெயர் ஆளை மறைத்துவிடும். கட்டடம் மறுத்தது என்றால் எந்த ஆள் மறுத்தார் என்று தெரியாது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி மூன்றையும் நீங்களே பார்த்தவுடன் கண்டுகொள்வீர்கள், அதனால் அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது குறைத்துச் சொல்வதில். 'நாட் பேட்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் மோசமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது, பல நேரம் அது நல்ல பாராட்டு. எதிர்மறையை மறுத்து நேர்மறையைச் சொல்லும் இதற்கு லைடோட்டீஸ் என்று பெயர். 'பரவாயில்லையே!' என்று புருவத்தைத் தூக்கிக்கொண்டு நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எழுத்தில் 'நாட் அன்காமன்' மாதிரி இரட்டை எதிர்மறை வந்தால் அங்கே எழுதுகிறவர் தயங்குகிறாரா, பணிவு காட்டுகிறாரா, அல்லது பிடி கொடுக்காமல் நழுவுகிறாரா என்று பாருங்கள். மூன்றும் நடக்கும்.

பதில் எதிர்பார்க்காத கேள்வியும் இந்த வகைதான். 1980 அதிபர் தேர்தல் விவாதத்தில் ரொனால்ட் ரீகன் மக்களைப் பார்த்து, நான்கு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்ற பதிலை அவர் சொல்லவில்லை, கேட்டவர்களைச் சொல்ல வைத்தார். நாமே சொன்ன பதிலை நாம் சந்தேகப்பட மாட்டோம், அங்கேதான் இதன் பலம். இப்படி ஒரு கேள்வி வந்தால், பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அது உண்மையா என்று தனியாகச் சரிபாருங்கள்.

சொல்ல மாட்டேன் என்று சொல்வதும், புகழ்வது போல இகழ்வதும்

அதே ரீகன், 1984. வயது 73, எதிரில் நின்ற வால்டர் மொண்டேலுக்கு 56. வயதைப் பற்றிக் கேள்வி வந்தது. வயதை இந்தத் தேர்தலில் ஒரு பிரச்சினையாக்க மாட்டேன், அரசியல் லாபத்துக்காக என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன் என்றார். மொண்டேலே சிரித்துவிட்டார். பயன்படுத்த மாட்டேன் என்று சொன்ன அந்த வாக்கியத்திலேயே பயன்படுத்தியாகிவிட்டது. பாராலிப்சிஸ் என்று இதற்குப் பெயர். 'ஐ வோன்ட் மென்ஷன்', 'டு சே நத்திங் ஆஃப்', 'நாட் டு மென்ஷன்' என்று வந்தால் அடுத்து வருவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சொல்வதற்கு நேர்மாறான அர்த்தத்தை உள்ளே வைக்கும் ஐரனிதான் பிடிக்க மிகவும் கஷ்டமானது, ஏனென்றால் சொற்களில் எந்த அடையாளமும் இருக்காது. ஆன்டனியின் பேச்சுக்கே திரும்பப் போகலாம். சீசரைக் கொன்றவர்களில் ஒருவர் புரூட்டஸ், அவருடைய அனுமதியோடுதான் ஆன்டனி பேசுகிறார், நேரடியாகக் குறை சொல்ல வழியில்லை. அதனால் புரூட்டஸ் கண்ணியமான மனிதர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முதல்முறை படித்தபோது நான் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன், சத்தமாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் தடவை 'ஃபார்' என்று தொடங்குகிறது, ஏனென்றால் புரூட்டஸ் கண்ணியமானவர். அது காரணம் சொல்லும் தொனி. அப்புறம் சீசர் ஏழைகளுக்காக அழுதார், கிரீடத்தை மூன்று முறை மறுத்தார் என்று ஒவ்வொரு தகவலாக வைக்கிறார், ஒவ்வொன்றுக்கும் பின்னால் சீசர் பேராசைக்காரர் என்று புரூட்டஸ் சொல்கிறார், 'அண்ட்' புரூட்டஸ் கண்ணியமானவர். நாலாவது தடவை 'அண்ட், ஷுர்', சந்தேகமென்ன, அவர் கண்ணியமானவர். வாக்கியம் ஏறக்குறைய அதேதான், ஆனால் நடுவில் வைத்த தகவல்கள் அதன் அர்த்தத்தை உள்ளேயிருந்து அரித்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர், அவர்கள் துரோகிகள், கண்ணியவான்களாம் என்று கத்துகிறார். அந்தச் சொல்லைத் துரோகி என்ற அர்த்தத்துக்கு மாற்றியது ஆன்டனி, மாறிவிட்டது என்று அறிவித்தது கூட்டம். வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். ஐரனியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சொல்லப்படும் பாராட்டையும் பக்கத்தில் வைக்கப்படும் தகவலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தகவலை நம்புங்கள்.

கடைசியாக, வெறும் வாக்கியமாக்கிப் பாருங்கள்

அணி இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. லிங்கன் பேச்சில் அணியை எடுத்துவிட்டாலும் உண்மை நிற்கும். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ள, கோடு போட்ட வாக்கியத்துக்குக் கீழே அதையே அலங்காரமில்லாமல், யார் என்ன செய்தார் என்ற வடிவத்தில் எழுதுங்கள். யார் என்ற இடம் காலியாக இருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. 1987 ஜனவரியில் ரீகன் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தவறுகள் செய்யப்பட்டன. செய்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை.

பழகுவதற்கு நானே எழுதிய ஒரு மாதிரி அறிவிப்பு இதோ, ஆட்குறைப்பு செய்யும் எந்தக் கம்பெனியும் அனுப்பக்கூடியது: 'டிஃபிகல்ட் டிசிஷன்ஸ் ஹேவ் பீன் மேட். வீ ஆர் நாட் குளோசிங் எ டோர், வீ ஆர் ஓப்பனிங் எ நியூ சாப்டர். வித் எ லீனர் டீம், எ கிளியரர் ஃபோகஸ் அண்ட் எ பிரைட்டர் ஃப்யூச்சர், த கம்பெனி இஸ் ரெடி.'

சத்தமாகப் படித்தால் கடைசி வாக்கியத்தில் தாளம் தட்டுகிறது, மூன்று துண்டு. அதில் முதல் துண்டு 'லீனர் டீம்', இளைத்த குழு, அதாவது குறைந்த ஆட்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்கிற மங்கல வழக்கைப் போன்ற யூஃபமிசம், ஆனால் இங்கே யாருடைய மனமும் நோகாமலிருக்க அல்ல, கண்ணில் படாமலிருக்க. கெட்ட செய்தியை முதலில் வைத்து இரண்டு நல்ல செய்தியைப் பின்னால் ஓடவிட்டால் காது முடிவில்தான் போய் நிற்கும். நடு வாக்கியத்தில் 'நாட்' வந்ததும் எதிர்நிலை, கதவு ஒரு உருவகம், அத்தியாயம் வேறொரு உருவகம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முதல் வாக்கியத்தில் முடிவெடுத்த ஆள் இல்லை, ஆனால் 'டிஃபிகல்ட்' என்ற சொல் அந்த இல்லாத ஆளுக்கு இரக்கம் தேடித் தருகிறது. கடைசியில் தயாராக இருப்பது கம்பெனி, அது ஆகுபெயர், எந்த மனிதரும் இல்லை.

வெறும் வாக்கியமாக்கினால், 'கம்பெனியை நடத்துகிறவர்கள் சிலரை வேலையைவிட்டு அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள்' என்று வரும். எத்தனை பேரை, எந்தத் தேதியில், கையில் என்ன கொடுத்து என்பதை எழுதுவதற்கு அந்த அறிவிப்பிலிருந்து ஒரு சொல்கூடக் கிடைக்காது. பதில் கடிதத்தில் கேட்க வேண்டியவை அந்த மூன்றும்தான்.